கிறீச்சிடும் கதவும் 1,399 நாடகங்களும்: ஹைமன் பிரவுன் கலைஞரா, வியாபாரியா?

#1 பழையபெட்டி

எட்டு மாதமாக ஒரு பழக்கம். இரவு விளக்கை அணைத்துவிட்டு, படுத்தபடியே ஒரு பழைய அமெரிக்க வானொலி நாடகம் கேட்பேன். சிபிஎஸ் என்ற அமெரிக்க வானொலி நிறுவனத்தின் சிபிஎஸ் ரேடியோ மிஸ்டரி தியேட்டர். 1974 ஜனவரி 6 அன்று தொடங்கி 1982 டிசம்பர் 31 அன்று நின்றுபோன தொடர். மொத்தம் 1,399 நாடகங்கள். நான் இதுவரை 210 கேட்டிருக்கிறேன். இதே வேகத்தில் போனால் மிச்சத்தை முடிக்க இன்னும் நாலு வருஷம் ஆகும்.

நான் கேட்ட ஒவ்வொன்றும் ஒரே மாதிரிதான் தொடங்கும். ஒரு கதவு கிறீச்சென்று மெதுவாகத் திறக்கும். நடிகர் இ. ஜி. மார்ஷல் நம்மை உள்ளே கூப்பிடுவார். நாடகம் முடிந்ததும் அதே கதவு மூடிக்கொள்ளும். ஐம்பதாவது தடவை கேட்கும்போதுதான் யோசித்தேன், இந்தக் கதவு யாருடையது என்று.

தேடிப்போனால் கிடைத்தவர் ஹைமன் பிரவுன். 1910-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். இருபது வயதாவதற்குள் வானொலிக்குள் நுழைந்துவிட்டார். 1929-இல் கெர்ட்ரூட் பெர்க் என்ற பெண் எழுதிய குடும்பத் தொடரை என்பிசி வானொலி நிறுவனத்திடம் கொண்டுபோய் விற்க உதவியவர் இவர். அதில் கணவன் வேடத்தில் குரலும் கொடுத்தார். கொஞ்ச நாளில் அவரும் பெர்க்கும் தொழிலில் பிரிந்தார்கள். தொடர் பல வருஷம் ஓடியது, பெர்க் புகழ்பெற்றார், பிரவுன் வெளியே. அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் அந்த ஒரு அடியிலிருந்து வந்தது என்பது என் ஊகம். இனி எந்த நிகழ்ச்சி செய்தாலும் கடிவாளம் தன் கையில் இருக்கவேண்டும் என்று அப்போதே முடிவுகட்டியிருப்பார்.

இடையில் சட்டமும் படித்தார். அப்புறம் டிக் ட்ரேசி, புல்டாக் டிரம்மண்ட், தின் மேன், கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று வரிசையாக வானொலித் தொடர்கள். 1941 முதல் 1952 வரை இன்னர் சாங்க்டம் மிஸ்டரீஸ் என்ற மர்மத் தொடர். கதவு பிறந்தது அங்கேதான்.

என் கேள்வி இதுதான். இந்த மனிதர் தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான நிகழ்ச்சிகள் செய்திருக்கிறார். 2010-இல், நூறு வயதுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது இறந்தார். இதைக் கலைஞனின் வாழ்க்கை என்பதா, கடைக்காரரின் வாழ்க்கை என்பதா? ஒலி நாடகம் எழுதுகிற, தயாரிக்கிற ஆட்கள் இங்கே இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

#2 கிறுக்கல்காரி

நல்ல இழை. ஆனால் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அந்த 1,399-இல் பிரவுன் எழுதியது எத்தனை? அவர் தயாரிப்பாளர், டைரக்டர். எழுதியது வேறு ஆட்கள். ஒலி நாடகத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதுதான் நடக்கிறது. கதவைத் திறந்தவருக்குப் பெயர் கிடைக்கும், உள்ளே அறையைக் கட்டியவனை யாருக்கும் தெரியாது.

சாம் டேன் என்று ஒருவர். 300-க்கும் மேற்பட்ட நாடகங்கள் அவருடையவை. கணக்குப் பாருங்கள், ஐந்தில் ஒன்றுக்கும் மேல். ஹென்றி ஸ்லெசர் இன்னொருவர். இந்தத் தொடருக்கு எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், தினமும் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சித் தொடருக்கும் தலைமை எழுத்தாளராக இருந்தார். எப்போது தூங்கினார் என்று தெரியவில்லை.

#3 பழையபெட்டி

நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். பிரவுன் பேனா பிடித்தவர் அல்ல, பேனா பிடித்தவர்களைப் பிடித்தவர்.

ஆனால் அதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. அவருக்கு அதிகம் எழுதியவர்களில் இயன் மார்ட்டின், எல்ஸ்பெத் எரிக் இரண்டு பேரும் அடிப்படையில் வானொலி நடிகர்கள். மைக் முன்னால் வருஷக்கணக்கில் நின்றவர்களிடம் எழுதச் சொன்னால் வாயில் நுழையாத வசனம் வராது. எரிக்கின் நாடகங்களைத் தனியாக எடுத்துக் கேளுங்கள். கொலை, பேய் எல்லாம் குறைவு. இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவார்கள், பேசப்பேச நமக்கு வயிற்றைப் பிசையும். எல்லோருக்கும் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

#4 மைக்முன்நிற்பவன்

எனக்கு இந்தத் தொடரைப் பற்றித் தெரிந்த ஒரே விஷயம் அவர்களுடைய நேர அட்டவணை. குரல் நடிகனாகப் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் அதைக் கேட்டபோது பொறாமையாக இருந்தது.

காலை 9 மணிக்கு நடிகர்கள் வருவார்கள். கையில் ஸ்கிரிப்ட். முதல் வாசிப்பு. அங்கேயே பிரவுன் வேடங்களைப் பிரித்துக் கொடுப்பார். உடனே பதிவு. நண்பகலுக்குள் நடிகர்களின் வேலை முடிந்துவிடும். போகும்போது கையில் காசோலை. பிற்பகலில் மீதி வேலை.

நாடகம் மட்டும் ஏறக்குறைய 45 நிமிடம். அதை மூன்று மணி நேரத்தில், பெரிய ஒத்திகை இல்லாமல் முடிப்பதென்றால் சும்மா இல்லை. எங்களுக்கு நடப்பதைச் சொல்கிறேன். ஒருமுறை 20 நிமிட நாடகம் ஒன்றுக்குக் காலை பத்து மணிக்குப் போனேன். ராத்திரி ஒன்றரைக்கு வெளியே வந்தேன். ஸ்கிரிப்டின் கடைசிக் காட்சியை அந்தத் தயாரிப்பாளர் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் எழுத உட்கார்ந்தார். சம்பளம் மூன்று தவணையாக வந்தது. மூன்றாவது தவணை இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

ஆகவே கலைஞரா வியாபாரியா என்று எனக்கு ஒரு கவலையும் இல்லை. மத்தியானம் காசோலை கொடுத்தாரா? அது போதும்.

#5 செவிச்செல்வம்

மைக்முன்நிற்பவன் சார், அந்தக் காசோலையில் எவ்வளவு இருந்தது என்பதையும் சொல்லியிருக்கலாமே.

நடிகருக்கு ஒரு நாடகத்துக்குச் சுமார் 74 டாலர். சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி. நட்சத்திரமானாலும் அதுவேதான். எழுத்தாளருக்கு மொத்தமாக 350 டாலர். 45 நிமிட நாடகத்துக்கு, எழுபதுகளின் நியூயார்க்கில். இந்தக் கூலியில் பிழைக்கவேண்டுமானால் எழுதித் தள்ளவேண்டும், தள்ளினார்கள். 300 நாடகம் எழுதினார் என்று நாம் வியக்கிறோம். வேறு வழியில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

இதற்கு நேர் எதிரான ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நார்மன் கார்வின். அவரும் 1910-இல் பிறந்தவர். ஆனால் அவர் நூறைத் தாண்டியவர். 2011-இல் 101 வயதில் இறந்தார். ஒரே வயது, ஒரே தொழில், ஒரே நாடு. ஆனால் இரண்டு வேறு பிறவிகள்.

கார்வின் தானே எழுதி, தானே இயக்கி, தானே தயாரித்தார். 1941-இல் வாரத்துக்கு ஒன்றாக 26 நாடகங்கள், ஒவ்வொன்றும் வேறு வடிவத்தில். அதே வருஷம் டிசம்பர் 15 அன்று, அமெரிக்க உரிமைச் சட்டத்தின் 150-ஆவது ஆண்டுக்காக அவர் எழுதிய நாடகம் நாட்டின் நான்கு வானொலி வலைப்பின்னல்களிலும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பானது. பெர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து எட்டே நாள். கேட்டவர்கள் 6 கோடி பேர் என்று மதிப்பிட்டார்கள். முடிவில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பேசினார். 1945 மே 8, ஐரோப்பாவில் போர் முடிந்த நாள், அன்றைக்கும் நாடு கேட்டது கார்வினைத்தான்.

அவர் பெயரைச் சொன்னால் ஒரு நாடகத்தின் வரி நினைவுக்கு வரும். பிரவுன் பெயரைச் சொன்னால் ஒரு கீல் சத்தம் நினைவுக்கு வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

#6 கிறுக்கல்காரி

அந்தக் கடைசி வரிக்காகவே உங்களுக்கு ஒரு கைதட்டல் போட்டிருப்பேன், செவிச்செல்வம். ஆனால் கார்வின் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள்.

போர் முடிந்தது. நாற்பதுகளின் கடைசியில் சிபிஎஸ் அவருக்குப் புது ஒப்பந்தம் நீட்டியது. நாடகங்களின் துணை உரிமைகளில், அதாவது பிறகு புத்தகமாகவோ வேறு எதுவாகவோ ஆனால் வரும் வருமானத்தில், நிலையத்துக்குப் பாதி. கார்வின் கையெழுத்துப் போடவில்லை. 1949-இல் ஐக்கிய நாடுகள் சபையின் வானொலிக்குப் போய்விட்டார். நாட்டின் மிகப் பெரிய வானொலி எழுத்தாளருக்கு 39 வயதில் சொந்த நிலையம் இல்லாமல் போனது.

எழுதுகிறவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது இதைத்தான். பத்து வருஷம் உங்களை மாலை போட்டுக் கொண்டாடிய இடம், பதினோராவது வருஷம் ஒரு தாளை நீட்டும். அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படிப்பீர்கள்.

பிரவுன் யாருக்கும் சம்பளக்காரராக இல்லை. நிகழ்ச்சியை மொத்தமாகக் கட்டி எடுத்துக்கொண்டு போய், ஸ்பான்சருக்கோ நிலையத்துக்கோ விற்றார். சட்டம் படித்தது வீண்போகவில்லை.

#7 செவிச்செல்வம்

சரி. ஆனால் அவருக்கு உரிமை இருந்தது, சாம் டேனுக்கு 350 டாலர் இருந்தது. நீங்கள் எழுத்தாளர் பக்கமா, தயாரிப்பாளர் பக்கமா? கொஞ்சம் முன்னால்தான் அறையைக் கட்டியவனுக்குப் பெயர் இல்லை என்று வருத்தப்பட்டீர்கள்.

#8 கிறுக்கல்காரி

இரண்டு பக்கமும்தான். நான் இப்போது எழுதவும் செய்கிறேன், தயாரிக்கவும் செய்கிறேன். மாதத்தில் முதல் பாதி எனக்கே நான் வேலை கொடுக்கிறேன், இரண்டாம் பாதி எனக்கே நான் சம்பளம் குறைக்கிறேன்.

#9 பழையபெட்டி

உரிமை பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். இதைத் தெரிந்துகொண்டபோதுதான் கதவின் மதிப்பு எனக்குப் புரிந்தது.

இன்னர் சாங்க்டம் என்ற பெயர் பிரவுனுடையது அல்ல. சைமன் அண்ட் ஷுஸ்டர் பதிப்பகம் தன் மர்ம நாவல் வரிசைக்கு வைத்திருந்த பெயர் அது. வானொலித் தொடர் அந்தப் பெயரை வாங்கிப் பயன்படுத்தியது. நாடகம் முடிந்ததும் அந்த மாதம் வந்த நாவலைச் சொல்லுவார்கள். நாற்பதுகளில் அதே பெயரில் யுனிவர்சல் ஆறு படங்கள் எடுத்தபோதும் பெயர் போனது பதிப்பகத்திலிருந்துதான்.

1952-இல் தொடர் முடிந்தது. 1962 செப்டம்பர் 30 அன்று சிபிஎஸ் தன் கடைசி இரண்டு நாடகத் தொடர்களையும் நிறுத்தியது. அமெரிக்க வானொலி நாடகத்தின் பொற்காலம் அன்றோடு முடிந்தது என்று எழுதாதவர் இல்லை. பதினோரு வருஷம் கழித்து, 63 வயதில், பிரவுன் மறுபடி சிபிஎஸ்ஸில் நுழைகிறார். பழைய பெயரை எடுத்துவர முடியாது. எதை எடுத்து வந்தார்? கதவை.

யோசித்துப் பாருங்கள், தலைப்பு அடுத்தவருடையது, கதைகள் பல பேருடையவை, குரல்கள் நடிகர்களுடையவை. ஒரு சத்தம் மட்டும் இவர் கூடவே வந்தது. 1941-இல் கேட்டவன் 1974-இல் கேட்டாலும் இது அதே ஆள் என்று தெரிந்துகொண்டான்.

#10 மைக்முன்நிற்பவன்

அந்தக் கதவு கதவே இல்லை, தெரியுமா? இன்னர் சாங்க்டம் காலத்தில் அதற்குப் பயன்பட்டது துருப்பிடித்த ஒரு சுழல் நாற்காலி என்பார்கள். ஒரு நாள் யாரோ நல்ல மனசோடு நாற்காலிக்கு எண்ணெய் போட்டுவிட, நேரடி ஒலிபரப்பில் சவுண்ட் எஃபெக்ட் ஆள் தன் தொண்டையிலேயே கிறீச்சிட வேண்டியதாயிற்று என்று ஒரு கதை. உண்மையோ பொய்யோ, ஒலிக்கூடத்தில் வேலை பார்த்த எவனும் அதை நம்புவான்.

பேச்சுவாக்கில் இன்னொன்று. லைட்ஸ் அவுட் என்று முப்பதுகளில் ஒரு திகில் தொடர். அதில் ஒரு மனிதன் உள்புறம் வெளியே வரும்படி புரட்டிப்போடப்படுகிறான். அந்தச் சத்தத்துக்கு என்ன செய்தார்கள்? ஈரமான ரப்பர் கையுறையை மெதுவாக உள்வெளியாகப் புரட்டினார்கள். கூடவே பழம் வைக்கும் சிறு கூடையை நசுக்கினார்கள். எலும்பு, சதை இரண்டும் கிடைத்துவிட்டன. படமாக எடுத்திருந்தால் கோடிக்கணக்கில் செலவு, அப்புறமும் சிரிப்புத்தான் வந்திருக்கும்.

#11 முதல்வரைவு

வணக்கம். நான் இங்கே புதுசு. ஆறு மாதமாக ஒரு ஒலி நாடகத் தொடர் எழுதுகிறேன். இந்த இழையைப் படித்ததும் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது. நேரடியாகக் கேட்டுவிடுகிறேன். மூன்று மணி நேரத்தில் பதிவு செய்யக்கூடிய மாதிரி ஸ்கிரிப்ட் எப்படி இருக்கும்? என்னுடையதில் முதல் காட்சியிலேயே ஒன்பது பேர் இருக்கிறார்கள். கல்யாண வீடு.

#12 கிறுக்கல்காரி

ஒன்பது பேரா! தம்பி, கேட்கிறவனுக்கு முகம் தெரியாது. குரல் மட்டும்தான். ஒரே காட்சியில் நாலாவது குரல் வந்தாலே யார் யார் என்று குழம்ப ஆரம்பிப்பான். அதிலும் இரண்டு பேர் ஒரே வயதுப் பெண்கள் என்றால் போச்சு.

கல்யாண வீடு வேண்டும் என்றால் கூட்டத்தைப் பின்னணியில் விட்டுவிட்டு, இரண்டு பேரைத் தனி அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்துங்கள். கூட்டத்தின் சத்தம் சட்டென்று அடங்கும். அந்த ஒரு நொடியில் கல்யாண வீடு எவ்வளவு பெரியது என்று கேட்பவனுக்குத் தெரிந்துவிடும்.

இந்தத் தொழிலில் நான் கும்பிடும் ஸ்கிரிப்ட் ஒன்று உண்டு. லூசில் ஃபிளெட்சர் எழுதியது, 1943 மே 25 அன்று சஸ்பென்ஸ் தொடரில் வந்தது. படுக்கையிலேயே கிடக்கும் ஒரு பெண், பக்கத்தில் ஒரு தொலைபேசி. இணைப்பு தவறி, யாரோ இருவர் ஒரு கொலைக்குத் திட்டம் போடுவது அவள் காதில் விழுகிறது. அரை மணி நேரமும் அவள் தொலைபேசியில் யாரையாவது நம்பவைக்கப் பார்க்கிறாள். ஆக்னஸ் மூர்ஹெட் அந்த வேடத்தைச் செய்தார். 1960-க்குள் அதே தொடரில் அதை எட்டு முறை ஒலிபரப்பினார்கள். 1948-இல் படமாகவும் வந்தது.

கவனிக்க வேண்டியது இது. தொலைபேசி என்பதே குரல் மட்டும் உள்ள கருவி. அவளுக்கும் எதிராளியின் முகம் தெரியாது, நமக்கும் தெரியாது. அவள் இருக்கும் இருட்டில்தான் நாமும் இருக்கிறோம். ஒலி நாடகத்தின் குறையை எடுத்துக் கதையாகவே மாற்றிவிட்டார் அந்த அம்மா. பிபிசியில் 1924 ஜனவரி 15 அன்று வந்த ஆரம்பகால நாடகமும் இப்படித்தான்: சுரங்கத்துக்குள் விளக்கு அணைந்துவிடுகிறது, உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் பேசுகிறார்கள். வானொலி நாடகம் என்ற ஒன்று பிறந்த உடனேயே யாரோ ஒருவருக்கு இது புரிந்திருக்கிறது. நாம்தான் நூறு வருஷம் கழித்தும் கல்யாண வீட்டை எழுதிக்கொண்டிருக்கிறோம். (கோபித்துக்கொள்ளாதீர்கள். என் முதல் ஸ்கிரிப்டில் கால்பந்தாட்டம் இருந்தது.)

#13 மைக்முன்நிற்பவன்

நடிகன் பக்கத்திலிருந்து மூன்று விஷயம் சேர்த்துக்கொள்கிறேன் தம்பி.

வசனத்தைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே உடையுங்கள். முதல் வாசிப்பிலேயே நாக்கு தடுக்கினால் பதிவில் பத்து டேக் போகும். மூன்று மணி நேரக் கணக்கு அங்கேதான் செத்துப்போகிறது.

“ஐயோ, ஏன் அந்தக் கத்தியைக் கையில் எடுக்கிறாய்?” என்று எழுதாதீர்கள். உலகத்தில் கத்தியைப் பார்த்த எவனும் அப்படிப் பேசமாட்டான். மேஜை இழுப்பறை திறக்கட்டும். உலோகம் உரசட்டும். அவன் பேசிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நிற்கட்டும். கத்தி என்று யாரும் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது, மைக்கிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை ஸ்கிரிப்டில் குறியுங்கள். தூரத்திலிருந்து வருகிறான், கிட்டே வந்து கிசுகிசுக்கிறான் என்று. கேமராக்காரனுக்கு ஃபிரேம் எப்படியோ, எங்களுக்கு அந்த இரண்டடி அப்படி.

#14 செவிச்செல்வம்

தம்பிக்கு எல்லோரும் எழுதக் கற்றுக்கொடுக்கிறீர்கள், நல்லது. என் வாதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதை நினைவூட்டுகிறேன்.

1,399 நாடகங்களை ஒன்பது வருஷத்தால் வகுத்தால் வாரத்துக்கு மூன்று புது நாடகம். நான் முப்பது, நாற்பது கேட்டிருக்கிறேன். பாதிக்குப் பாதி எனக்கு முடிவு முன்கூட்டியே தெரிந்தது. மனைவியைக் கொல்லத் திட்டமிடும் கணவன், சாபம் பிடித்த நகை, பழைய வீட்டை வாங்கும் தம்பதி. இசை கூடப் புதிதில்லை, சிபிஎஸ் இசைக் கிடங்கிலிருந்து எடுத்தது. ட்விலைட் சோன் என்ற பழைய சிபிஎஸ் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்களுக்கு அடிக்கடி “இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே” என்று தோன்றும், தொடக்க இசை உட்பட. மூன்று மணி நேரத்தில் பதிவு செய்தால் மூன்று மணி நேரப் பதிவுதான் கிடைக்கும்.

ஒலிபரப்புத் துறையின் பெரிய விருதான பீபடி விருதை இந்தத் தொடருக்குக் கொடுத்தார்கள், தெரியும். செத்துப்போன வடிவம் எழுந்து நடந்ததே என்ற சந்தோஷத்தில் கொடுத்த விருது என்று நினைக்கிறேன்.

#15 பழையபெட்டி

செவிச்செல்வம், நீங்கள் சொல்வதில் பாதியை மறுக்கமாட்டேன். 210-இல் எனக்கே மறுபடி கேட்கத் தோன்றுவது இருபத்தைந்து இருக்கும். தூங்கிவிட்டதால் முடிவு தெரியாதவை அறுபதுக்குக் குறையாது.

ஆனால் அந்த இருபத்தைந்தை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து எழுதச் சொல்லியிருக்க முடியுமா? ஒரு வாரத்தில் மூன்று ஸ்கிரிப்ட் வேண்டும் என்ற பசி இருந்தால்தான், “இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான் கதை” என்று எல்ஸ்பெத் எரிக் கொண்டுவந்து கொடுத்தாலும் தயாரிப்பாளர் சரி என்பார். வருஷத்துக்கு ஆறு நாடகம் செய்கிற இடத்தில் அது முதல் கூட்டத்திலேயே செத்திருக்கும்.

74 டாலர் விஷயம். சங்கக் கூலிதான், குறைவுதான். ஆனால் வந்தவர்களில் நிறையப் பேர் மேடை நடிகர்கள். அவர்களுக்குச் சாயங்காலம் மேடை இருக்கிறது, காலை சும்மா இருக்கிறது. 9 மணிக்கு வந்து 12 மணிக்குப் போய்விடலாம், வசனம் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒப்பனை வேண்டாம். அதனால்தான் அந்தக் கூலிக்கு அந்தக் குரல்கள் கிடைத்தன. இதைச் சுரண்டல் என்றும் சொல்லலாம், ஏற்பாடு என்றும் சொல்லலாம். எழுத்தாளருக்குக் கொடுத்த 350-க்கு இந்தச் சமாதானம் பொருந்தாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

#16 செவிச்செல்வம்

கடைசி வாக்கியத்துக்கு நன்றி. மீதிக்கு அரை நன்றி.

#17 கிறுக்கல்காரி

350-க்கு நான் ஒன்று சொல்கிறேன். அதில் எனக்கு உறுத்துவது தொகை அல்ல, “மொத்தமாக” என்ற வார்த்தைதான். அந்தத் தொடர் முழுவதும் மறு ஒலிபரப்பையும் சேர்த்தால் மூவாயிரம் இரவுகளுக்குக் கொஞ்சம் குறைவு, 2,969. அதாவது பாதிக்கு மேல் பழையதைத்தான் திரும்பப் போட்டார்கள். ஒரு ஸ்கிரிப்ட் எத்தனை முறை காற்றில் போனாலும் அது ஒரு ஸ்கிரிப்ட்தான் என்கிற கணக்கு தயாரிப்பாளருக்கு இனிக்கும், எழுதியவனுக்குக் கசக்கும்.

முதல்வரைவு, இதை மட்டும் ஞாபகம் வையுங்கள். யாராவது உங்கள் தொடரை வாங்க வந்தால் தொகையைக் கடைசியில் பேசுங்கள். முதலில் கேட்கவேண்டியது: மறு ஒலிபரப்புக்கு என்ன? வேறு மொழிக்குப் போனால் என்ன? படமானால் என்ன? இரண்டு வருஷம் அவர்கள் ஒன்றுமே செய்யாமல் வைத்திருந்தால் உரிமை திரும்ப என்னிடம் வருமா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் ஒரு தொடரை நான் இழந்திருக்கிறேன். அது ஒரு நிறுவனத்தின் அலமாரியில் ஏழு வருஷமாகத் தூங்குகிறது. என் குரலிலேயே பதிவான நாடகம், எனக்கே கேட்கக் கிடைக்காது.

#18 முதல்வரைவு

குறித்துக்கொண்டேன் அக்கா. கல்யாண வீட்டை இரண்டு பேராகக் குறைத்துவிட்டேன், மணப்பெண்ணும் அவளுடைய அத்தையும். அறைக்கதவு சாத்தியதும் அத்தை ஒரு நிமிடம் பேசாமல் இருக்கிறாள். எழுதும்போதே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

ஒரு சந்தேகம். அந்த மௌனத்தை ஸ்கிரிப்டில் எப்படி எழுதுவது? ஒரு நிமிடம் என்று போடலாமா?

#19 மைக்முன்நிற்பவன்

ஒரு நிமிடமா! ஐந்து நொடி தாண்டினாலே கேட்பவன் கருவி கெட்டுப்போயிற்று என்று தட்டிப்பார்ப்பான். வளையல் சத்தம், மூச்சு, வெளியே அமுங்கிய மேளம் இதில் ஏதாவது ஒன்று நடக்கட்டும். முழு அமைதி மூன்று நொடி. அதுவே ஏராளம்.

#20 பழையபெட்டி

நேற்று ராத்திரி வரிசையை விட்டுவிட்டு, முதல் நாடகத்தை மறுபடி போட்டேன். 1974 ஜனவரி 6. ஸ்லெசர் எழுதியது. வயதான ஒரு பெண்ணிடம் சாகக்கிடக்கும் ஒருவர் பழைய கொலை ஒன்றைச் சொல்லிவிடுகிறார். அந்தப் பெண்ணாக நடித்தவர் யார் என்று பார்த்தால், ஆக்னஸ் மூர்ஹெட். கிறுக்கல்காரி சொன்ன அந்தத் தொலைபேசி நாடகத்தின் அதே மூர்ஹெட். முதல் தடவை கேட்டபோது நான் இதைக் கவனிக்கவே இல்லை.

பிரவுன் தெரிந்துதான் செய்திருப்பார். வானொலி நாடகம் திரும்பி வருகிறது என்று அறிவிக்க, முப்பது வருஷத்துக்கு முன் நாட்டையே தூங்கவிடாமல் செய்த குரலைக் கூப்பிட்டிருக்கிறார். அதே வருஷம் ஏப்ரலில் மூர்ஹெட் இறந்துபோனார். செவிச்செல்வம், இந்த ஒரு நாடகத்தை மட்டும் கேளுங்கள். முடிவு முன்கூட்டியே தெரிந்தாலும் பரவாயில்லை.

இன்னொரு தகவலும் கிடைத்தது. 1998-இல் இந்தத் தொடரின் சில நாடகங்களை மறுபடி ஒலிபரப்பினார்கள். மார்ஷல் பேசிய அறிமுகப் பகுதிகளை எடுத்துவிட்டு, பிரவுன் தானே புதிதாகப் பேசிப் பதிவு செய்தார். அப்போது அவருக்கு 87, 88 வயது. அறுபது வருஷமாக மைக்குக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர், கடைசியில் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்று கூப்பிட்டிருக்கிறார். அந்தப் பதிவு எதுவும் என்னிடம் இல்லை. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

#21 செவிச்செல்வம்

கேட்டேன். முடிவு தெரியவில்லை.

கிழவி கதவைச் சாத்துகிற இடத்தில் எழுந்து விளக்கைப் போட்டேன் என்பதை இங்கே எழுதுவதற்கு எனக்கு இஷ்டமில்லை. இரண்டாவது எது நல்லது என்று சொல்லுங்கள். எரிக் எழுதியதாக இருக்கட்டும்.